தெளிந்த தண்ணீரில் சாகும் மீன்கள்



மௌலவி எழுதுவதென்றால் தொழுகை, நோன்பு, பிள்ளை வளர்ப்பு என்றுதான் இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். இம்முறை மீன் தொட்டியைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்க வேண்டாம். கண்டி நகரிலும், அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டைப் பக்கங்களிலும் வீடுகளுக்குப் போய்வரும்போது முன் ஹோலில் கண்ணாடித் தொட்டியொன்று இருப்பதை இப்போது அடிக்கடி காண்கிறேன். அதிலுள்ள மீன் செத்தால் அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது என்பதையும் கேட்கிறேன். அந்தப் பேச்சுத்தான் என்னை எழுத வைத்தது.

"மீன் செத்தா நல்லது மௌலவி, ஊட்டுக்கு வர இருந்த பலாய் அதோட போயிட்டு" என்பார் ஒருவர். "இல்ல, யாருக்கோ கெட்டது வாறத்துக்கு அடையாளம்" என்பார் இன்னொருவர். "வந்து பாத்தவங்கட கண்ணூறு" என்பார் மூன்றாமவர். இந்த மூவரில் எவரும் மீனைக் கவனித்துப் பார்ப்பதில்லை. அது நீந்தும் தண்ணீரை ஒருபோதும் பார்ப்பதில்லை.

கண்ணூறு உண்டு என்று ஹதீஸில் வந்திருக்கிறது. அதை நான் மறுக்க வரவில்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் காரணம் இருக்கும்போது அதைத் தேடாமல் சகுனம் பார்க்க மார்க்கம் இடம் தரவில்லை. நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் (ரழி) மௌத்தான அன்று சூரிய கிரகணம் பிடித்தது. பிள்ளை மரணித்ததால்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். மகனைப் பறிகொடுத்த தகப்பனுக்கு அது ஆறுதலான பேச்சாகக்கூட இருந்திருக்கும். ஆயினும் அந்தத் துக்கத்தின் நடுவிலேயே அவர்கள் எழுந்து, கிரகணத்துக்கும் மனிதருடைய பிறப்பு இறப்புக்கும் சம்பந்தமில்லை என்று விளங்கப்படுத்தினார்கள். சூரியனின் கதையே அப்படியென்றால், நமது ஹோலில் இருக்கும் கோல்ட் ஃபிஷ்ஷின் கதை என்ன?

இது வெறும் கொள்கைப் பேச்சல்ல. ஒரு சகுனச் சொல் ஒரு தாயை என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்கிறேன்.

மடவளையில் ஒரு தாய். மகன் தொழிலுக்காகக் கத்தாருக்குப் போனார். மூன்று வருடமாகத் தான் வளர்த்த மீன் தொட்டியை உம்மாவின் பொறுப்பில் விட்டுப் போனார். பதினான்கு மீன்கள். மகன் போய் ஒரு மாதம் ஆவதற்குள் ஐந்து செத்துவிட்டன. மிச்சம் இருந்தவையும் செட்டைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "வளத்தவனுக்கு ஏதாவது ஆகப்போகுதெண்டா மீன் இப்பிடித்தான் சாகும்" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுத் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தத் தாய்க்கு உறக்கம் போயிற்று. காலையில் எழுந்ததும் தொட்டியைப் பார்ப்பார். ஒரு மீன் மிதந்தால் நெஞ்சு பதறும். இரவு பகல் பாராமல் கத்தாருக்குக் கோல் எடுப்பார். வேலைத்தளத்தில் நிற்கும் மகனோ, "எனக்கு ஒண்டுமில்ல உம்மா" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் கோபத்தில் ஃபோனை எடுக்காமல் விட்டுவிட்டார். மகன் எடுக்காததைக் கண்டு தாய்க்கு இன்னும் பயம் கூடிவிட்டது. ஒருநாள் அஸருக்குப் பின் ஒரு போத்தல் தண்ணீரோடு என் வீட்டுக்கு வந்தார். "ஓதித் தாங்க மௌலவி, தொட்டிக்குள்ள ஊத்தப் போறன்" என்றார்.

ஓதிக் கொடுத்தேன். மகனுக்காக துஆவும் கேட்டேன். "இந்தத் தண்ணீரை நீங்க குடிங்க ராத்தா. தொட்டிக்குள்ள ஊத்த வேணாம். மீனை நான் வந்து பார்க்கிறேன்" என்றும் சொன்னேன்.

நான் பாடசாலையில் மௌலவி ஆசிரியர். எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவர் வீட்டில் பல வருடமாக மீன் வளர்ப்பவர். மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கையில் தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்துப் போத்தல்கள் இருந்தன. தொட்டியைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடியில் உள்ள கல் பளபளவென்றிருந்தது. "தண்ணி கண்ணாடி மாதிரித்தானே ஈக்குது" என்றார் அந்தத் தாய். "மகன்ட சாமான் எண்டு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முழுத் தண்ணியையும் ஊத்திட்டு, கல்லு, ஃபில்டர் பஞ்சு எல்லாத்தையும் பைப்புக்குக் கீழ வச்சுத் தேச்சுக் கழுவுறன்."

ஆசிரியர் சிறு குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தைச் சொட்டினார். அமோனியா இல்லாவிட்டால் அது மஞ்சளாக இருக்கும். எங்கள் கண் முன்னாலேயே கரும்பச்சையாக மாறியது.

இந்த இடத்தில், ஓதிப் படித்தவன் என்ற வகையில் ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீரைப் பற்றிய பாடம் எங்களுக்கு முதலாம் வருடத்திலேயே வந்துவிடும். ஷாஃபிஈ மத்ஹபின் எந்த ஃபிக்ஹு கிதாபைத் திறந்தாலும் முதல் பாடம் தண்ணீர்தான். நிறம், மணம், சுவை இம்மூன்றும் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்போம். குல்லத்தைன் அளவு, இன்றைய கணக்கில் சுமார் 200 லீட்டர், இருந்தால் நஜீஸ் பட்டு இம்மூன்றில் ஒன்று மாறினாலொழிய அந்தத் தண்ணீர் அசுத்தமாகாது. மனிதனுடைய வுழூவுக்கும் குளிப்புக்கும் அந்த மூன்று அடையாளங்கள் போதும். மீனுக்குப் போதாது. அமோனியாவுக்கு நிறமில்லை. அது தண்ணீரில் லீட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் அளவுக்கு ஏறினாலன்றி நம் மூக்குக்கு எட்டாது என்றும், நாக்குக்கு எட்ட 35 மில்லிகிராம் வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. மீனின் செவுள் வெந்துபோக அதில் மிகச் சிறியதொரு பங்கே போதும். ஆக, நமது கண், மூக்கு, நாக்கு மூன்றும் "சுத்தம்" என்று சாட்சி சொல்லும் தண்ணீரிலேயே மீன் மூச்சுத் திணறிச் சாகிறது.

இந்த அமோனியா எங்கிருந்து வருகிறது? மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் அடியில் கிடந்து அழுகும் தீனியிலிருந்தும் வருகிறது. அதைவிட முக்கியமானது, மீன் தன் செவுள் வழியாகவே அமோனியாவை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது என்பது. நாம் மூச்சு விடுவது போல அது நாள் முழுக்க நடக்கும். அப்படியானால் எல்லாத் தொட்டி மீனும் இரண்டு நாளில் செத்திருக்க வேண்டுமே? சாகாமல் காப்பது கண்ணுக்குத் தெரியாத பக்டீரியாக்கள். ஒரு வகை அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரைற்றும் நஞ்சுதான். அது மீனின் இரத்தத்தைக் கபில நிறமாக்கி ஒட்சிசன் எடுக்க விடாமல் செய்யும். நைத்திரேற்றில் கெடுதி குறைவு. இந்தப் பக்டீரியாக்களை ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவிலேயே பிரித்துக் காட்டிவிட்டார். அவை தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. ஃபில்டர் பஞ்சிலும், கல்லிலும், கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. புதுத் தொட்டியில் அவை போதியளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும்.

அந்தத் தாய் வெள்ளிக்கிழமை தோறும் பைப்புக்குக் கீழ் வைத்துத் தேய்த்தது இவற்றைத்தான். ஊத்தை என்று அவர் கழுவியது அந்த வீட்டு மீன்களின் உயிர்க் காவல். பைப் தண்ணீரில் உள்ள குளோரின், கிருமியைக் கொல்வதற்காகவே போடப்படுவது. நல்லது கெட்டது என்று அது பிரித்துப் பார்க்காது. பஞ்சில் உள்ளவற்றையும் கொன்றது. நேரே ஊற்றிய புதுத் தண்ணீரோடு போய் மீனின் செவுளையும் அரித்தது. அவர் சோம்பேறியாக இருந்திருந்தால் அந்த ஐந்து மீன்களும் இருந்திருக்குமோ என்னவோ!

ஆசிரியர் அங்கிருந்தே மகனுக்கு ஃபோன் எடுத்தார். புது நம்பர் என்பதால் அவர் எடுத்தார். தண்ணீர் எப்படி மாற்றினீர்கள் என்று கேட்க, அவர் சொன்ன பதிலை நாங்கள் எல்லோரும் கேட்டோம். "பாத்ரூம் மூலையில எப்பவும் நீல வாளி ஒண்டுல தண்ணி நிரப்பி வச்சிருப்பேனே உம்மா, அத எங்க வச்சீங்க?"

மகன் சோம்பலில் எடுத்து வைக்காமல் விட்டுப்போன வாளி என்று நினைத்து, அவர் போன மறுநாளே அதைக் கவிழ்த்து ஸ்டோர் அறையில் போட்டிருந்தார் அந்தத் தாய். மூன்று வருடமாகத் தாண்டித் தாண்டிப் போன வாளி. அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வாளிதான் வைத்தியம். இனி அதை விரிவாகச் சொல்கிறேன், வீட்டில் மீன் உள்ளவர்கள் கவனமாக வாசியுங்கள்.

மீன் மேலே வந்து வாய் பிளந்தால், செவுள் சிவந்திருந்தால், செட்டையில் இரத்தக் கோடு தெரிந்தால், மூலையில் அசையாமல் நின்றால், கடைக்கு ஓடி மருந்து வாங்குவதற்கு முன் தண்ணீரைச் சந்தேகியுங்கள். அன்று முதல் இரண்டு நாளைக்குத் தீனி போடாதீர்கள். பாவமே, பசிக்குமே என்று உம்மாமாருக்கு மனம் கேட்காது. வளர்ந்த மீன் பல நாள் பசி தாங்கும், அழுகும் தீனியைத்தான் தாங்காது. பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு கைப்பிடி போடுவதையும் நிறுத்த வேண்டும். மடவளை வீட்டில் ஒரு நாளைக்கு நான்கு முறை தீனி விழுந்துகொண்டிருந்தது. சுகமான மீனுக்கும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் தின்று முடிக்கும் அளவு போதும்.

வாய் அகன்ற வாளியில் தண்ணீர் பிடித்துத் திறந்தபடி ஒரு முழு நாள் வையுங்கள். குளோரின் காற்றோடு போய்விடும். அவசரமென்றால் கடையில் விற்கும் குளோரின் நீக்கி மருந்தைப் பாவிக்கலாம். முந்திய காலத்தில் ஸ்டூடியோக்காரர் படம் கழுவப் பாவித்த 'ஹைப்போ' உப்புத்தான் அதில் பெரும்பாலும் இருப்பது. பின்னர் தொட்டியில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை பழைய தண்ணீரை, அடியில் உள்ள அழுக்கோடு சேர்த்து, ரப்பர் குழாயால் இறக்கிவிட்டு, வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மீன் சுகவீனமாக இருக்கும் நாட்களில் இதைத் தினமும் செய்ய வேண்டும். முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றவே கூடாது. ஃபில்டர் பஞ்சைக் கழுவ வேண்டுமென்றால், இறக்கிய அந்தப் பழைய தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்து எடுத்துத் திரும்பப் பூட்டிவிடுங்கள். பார்ப்பதற்கு அழுக்காகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

உப்பும் உதவும். லீட்டருக்கு ஒரு கிராம், அதாவது ஐந்து லீட்டருக்கு மட்டமான ஒரு தேக்கரண்டி. சாதாரணக் கல்லுப்பைத் தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, ஒரு நாளில் மூன்று நான்கு தடவையாகப் பிரித்து ஊற்ற வேண்டும். உப்பிலுள்ள குளோரைட்டு, நைத்திரைற்று செவுள் வழியே உடம்புக்குள் போவதைத் தடுக்கிறது. பெயரில் ஒற்றுமை இருந்தாலும் இது வேறு, கொல்லும் குளோரின் வேறு. தண்ணீரைக் குறைக்கும் போதெல்லாம் உப்பும் குறையும் என்பதை மனதில் வைத்து, புதிதாக ஊற்றும் தண்ணீருக்கு மட்டும் கணக்குப் போட்டுச் சேருங்கள். மீசை வைத்த மீன்களுக்கும் தொட்டிச் செடிகளுக்கும் உப்பு அவ்வளவாக ஒத்துவராது. அவை இருந்தால் இன்னும் குறையுங்கள்.

வெள்ளைப் புள்ளி நோய் வேறு கதை. மீனின் உடம்பிலும் செட்டையிலும் சீனி தூவியது போல் இருக்கும். அது ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி. நம் கண்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் கூடும்போது இது அதிகம் வரும். வெளியே வைத்த வாளியின் குளிர்ந்த தண்ணீரை அப்படியே ஊற்றினால் மீனுக்கு அதிர்ச்சி ஏற்பட்டு நோய் எதிர்க்கும் சக்தி குறைந்துவிடும். ஆகவே வாளியை வீட்டுக்குள், முடிந்தால் தொட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். இந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்குக் கீழ் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. முற்றியதும் உதிர்ந்து அடியில் போய் ஒட்டி, நூற்றுக்கணக்கில் பிரிந்து, மறுபடி மீனைத் தேடி நீந்தும். அப்போதுதான் உப்போ மருந்தோ அதைக் கொல்லும். இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அது தானாகவும் செத்துவிடும். புள்ளி மறைந்ததும் சுகமாகிவிட்டது என்று வைத்தியத்தை நிறுத்துகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். மறைந்தது உதிர்ந்ததே தவிர ஒழிந்ததல்ல. இரண்டு வாரம் விடாமல், தினமும் அடிக்கல்லை உறிஞ்சி எடுத்து, லீட்டருக்கு இரண்டு மூன்று கிராம் உப்போடு பராமரிக்க வேண்டும். சூடேற்றும் கருவி இருந்தால் மெல்ல மெல்ல 29, 30 பாகை வரை உயர்த்தினால் ஒட்டுண்ணியின் சுற்று விரைவாக முடியும். வெந்நீரில் ஒட்சிசன் குறைவு என்பதால் காற்று மோட்டரை அப்போது நிறுத்தவே கூடாது.

மனிதருக்குத் தந்த அன்டிபயோட்டிக் கெப்சியூல் மிச்சம் இருந்தால் அதைத் தொட்டிக்குள் பிரித்துக் கொட்டும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். நீங்கள் ஆறு வாரம் காத்திருந்து வளர்த்த பக்டீரியாக்களும் அதோடு போய்விடக்கூடும்.

மடவளை மீன்களுக்கு வருகிறேன். ஒன்பதில் இரண்டு முதல் வாரத்திலேயே செத்துவிட்டன. செவுள் அளவுக்கு மீறிக் கெட்டிருந்தால் எந்தத் தண்ணீரும் காப்பாற்றாது. மூன்றாம் வாரத்தில் மிச்சமிருந்த ஏழின் செட்டைகள் விரிந்தன, சிவந்த கோடுகள் மங்கின. சோதனைக் குழாய் மஞ்சளாக வர ஐந்து வாரம் சென்றது. அந்த இரண்டு மீன்கள் செத்தபோது தாய் கத்தாருக்கு ஃபோன் எடுக்கவில்லை. எனக்குத்தான் எடுத்தார். "ரெண்டு போயிட்டு மௌலவி, தண்ணி இன்னும் பச்சைதான் காட்டுது" என்று, ஒரு டொக்டர் நோயாளியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

கண்டித் தண்ணீரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் பைப்பில் வருவதில் பெரும்பகுதி மகாவலி கங்கையின் நீர். மலையில் பெருமழை பெய்து கங்கை கலங்கி வரும் நாட்களில் பைப்பைத் திறந்ததும் மருந்து வாடை தூக்கலாக அடிப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். அந்த நாட்களில் வாளியை இரண்டு நாள் வைத்துப் பாவியுங்கள். கிணற்று நீரும் ஊற்று நீரும் உள்ளவர்களுக்குக் குளோரின் பயமில்லை, வேறு கவனம் தேவை. திகனப் பக்கம் டொலமைட் கல் வெட்டுவது நமக்குத் தெரியும். அப்படியான நிலத்தின் ஊடாக வரும் நீர் கடினமாகவும் காரமாகவும் இருக்கும். காரம் கூடினால் அமோனியாவின் கொடுமையும் கூடும். 25 பாகை வெப்பத்தில் பீ.எச். பெறுமானம் 7 ஆக உள்ள தண்ணீரில், இருக்கும் அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது. அதுவே 8 ஆனால் நூற்றில் ஐந்து பங்கைத் தாண்டிவிடும். பக்கத்து வீட்டில் தாங்கிய மீன் உங்கள் வீட்டில் தாங்காததற்குக் கண்ணூறு அல்லாத காரணங்களும் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

நாங்கள் ஓதிய மத்ரஸாவில் பெரிய ஹவுழ் ஒன்று இருந்தது. அதில் மீன்கள் இருந்தன. எவரும் அவற்றுக்கு மருந்து வாங்கியதில்லை, ஃபில்டரும் இல்லை. ஐந்து வேளையும் நூறு பேர் தண்ணீர் அள்ளினோம், குறையக் குறைய ஊற்று நீர் வந்து விழுந்துகொண்டிருந்தது. சுவரெல்லாம் பாசி. மீன்கள் சுகமாக இருந்தன. பெரிய நீர், இடைவிடாத மாற்றம், கழுவாத சுவர் ஆகிய மூன்றும் அங்கே தாமாகவே அமைந்துவிட்டன. மேசையில் வைக்கும் வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. மூன்று லீட்டர் தண்ணீருக்குள் கோல்ட் ஃபிஷ் ஒன்றை விட்டு அழகு பார்ப்பது அதைச் சிறுகச் சிறுகக் கொல்வதுதான் என்பது என் அபிப்பிராயம். பிள்ளை அடம் பிடித்தால் கிண்ணம் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஐம்பது அறுபது லீட்டர் தொட்டி வாங்க வசதி வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.

வளர்ப்பதே கூடுமா என்று கேட்கும் சகோதரிகளும் உண்டு. அனஸ் (ரழி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிட்டுக் குருவியை வைத்து விளையாடுவார். அது செத்துப்போய்ச் சிறுவர் வாடியிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றியே அன்பாக விசாரித்தார்கள். இந்தச் சிறு ஹதீஸிலிருந்து ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் அறுபது விளக்கங்களை எடுத்துத் தனியாகவே தொகுத்திருக்கிறார்கள். பிராணியை முறையாகப் பராமரித்து வைத்திருப்பது ஆகும் என்பதற்கு உலமாக்கள் இதை ஆதாரமாகக் கொள்கிறார்கள். பூனையைக் கட்டிப்போட்டுத் தீனி கொடாமலும், தானாகத் தேடித் தின்ன விடாமலும் சாகடித்த பெண்ணின் செய்தியும் நீங்கள் அறிந்ததே. நமது தொட்டியில் தீனிக்குக் குறைவில்லை, தண்ணீர்தான் குறை. ஆற்று மீனுக்கு ஓரிடத்துத் தண்ணீர் பிடிக்காவிட்டால் வேறிடம் நீந்திப் போகும். நான்கு கண்ணாடிச் சுவருக்குள் நாம் விட்ட மீன் எங்கே போகும்?

2022ஆம் ஆண்டின் மின்வெட்டை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. எனக்குத் தெரிந்த பல வீடுகளில் மீன் செத்தது அப்போதுதான், அதுவும் கரண்ட் போனபோது அல்ல, வந்த பிறகு. ஓடாத ஃபில்டருக்குள் காற்றில்லாமல் பக்டீரியா செத்து அழுகியிருக்கும். மோட்டர் ஓடத் தொடங்கியதும் அந்த அழுகல் முழுவதும் தொட்டிக்குள் வந்து கொட்டும். பல மணி நேரம் கரண்ட் இல்லாமல் போனால், ஃபில்டரைக் கழற்றிப் பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுப் பிறகு போடுங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் காற்றுக்கு என்ன செய்வது? கோப்பையால் தண்ணீரை அள்ளி ஓரடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். 1846இல் லண்டனில் அன்னா தைன் என்ற பெண்மணி கடல் பவள உயிர்களை வீட்டில் வளர்த்தார். மோட்டர் இல்லாத காலம். அவர் வீட்டுப் பணிப்பெண் திறந்த ஜன்னலோரம் நின்று நாளாந்தம் அரை மணி, முக்கால் மணி நேரம் தண்ணீரைப் பாத்திரம் மாற்றி ஊற்றி ஊற்றியே அவற்றை உயிரோடு வைத்திருந்தார். அதற்கும் முன்பு, 1832இல், சிசிலித் தீவில் கண்ணாடித் தொட்டி அமைத்துக் கடலுயிர்களை ஆராய்ந்த ழான் வில்பிரே பவரும் ஒரு பெண்தான். பரீஸில் தையல் வேலை செய்தவர். மீன் தொட்டி ஆம்பிளைப் பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒதுங்கும் உம்மாமார்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

வளர்க்க முடியாமல் போனால் மீனைக் கண்டி வாவியிலோ மகாவலியிலோ கொண்டுபோய் விடுவது புண்ணியம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் மீன் அப்படி வெளியே போய் இன்று நம் நாட்டு நீர்த்தேக்கங்களில் பெருகிக் கிடக்கிறது. சுகவீன மீனோடு அதன் நோயும் போகும். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் கட்டிய அந்த வாவிக்கு ஏற்கெனவே போதுமான சோதனை. ஊர்க் கழிவெல்லாம் சேர்ந்து, 1999 மே மாதத்தில் அதன் நீர் முழுக்க நச்சுத்தன்மையுள்ள நீலப் பச்சைப் பாசி படர்ந்தது. நம் வீட்டுத் தொட்டியில் நடப்பதன் பெரிய உருவம் அது. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ வளர்க்கத் தெரிந்த ஒருவரிடமோ கொடுத்துவிடுங்கள்.

தொட்டியிலிருந்து இறக்கும் தண்ணீரையும் கானில் ஊற்ற வேண்டாம். அதிலுள்ள நைத்திரேற்று செடிகளுக்கு நல்ல பசளை. உப்புப் போட்ட நாட்களின் தண்ணீரை மட்டும் விலக்கிவிட்டு, மற்றதைக் கறிவேப்பிலைக்கும் ரோசாச் செடிக்கும் ஊற்றலாம். மடவளை ராத்தா இப்போது ரம்பைக்கும் ஊற்றுகிறார்.